கணுக்காலில் வந்த பத்தொன்பது வருஷம்

உப்போடையில் மழை தவறிய மூன்றாம் வருஷம், பங்குனி பிறந்த ஐந்தாம் நாள், பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆவுடைநாயகத்தின் வலது கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பி உடைந்து, அதற்குள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டியது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி சண்முகவடிவுக்கு முதலில் நினைவு வந்தது டாக்டர் இல்லை, கீழத்தெரு வெள்ளத்தாய்தான்.

அந்தப் புழுவை நரம்புச் சிலந்தி என்பார்கள். கீழத்தெருவுக்கு அது புதிதில்லை. தெருக்கோடியில் இருந்த படிக்கிணற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்கி எடுத்துத்தான் அங்கே நூறு வீடும் குடித்தது. இந்த வருஷம் குடித்த தண்ணீர் அடுத்த வருஷம் காலில் புழுவாகப் புறப்படும். ஒரு கை நீளம் இருக்கும். அதை இழுக்கக் கூடாது. வேப்பங்குச்சியில் தலையைச் சுற்றி, தினம் ஒரு சுற்று, வலி பொறுக்காவிட்டால் அரைச் சுற்று என்று இருபது நாள், முப்பது நாள் காத்திருந்து எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் மிச்சம் உள்ளே கிடந்து அழுகும், கால் வீங்கும், ஆளையும் கொண்டுபோய்விடும்.

வெள்ளத்தாய் அதைச் சுற்றுகிறவள். நாற்பது வயது, புருஷன் இல்லை. மூன்று ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பதும், வயிற்றில் பூச்சி வைத்த பிள்ளைகளுக்குக் குப்பைமேனிச் சாறு பிழிந்து கொடுப்பதும், பப்பாளி விதையைக் காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும், நாடாப்புழு விழுவதற்கு மாதுளை வேர்ப்பட்டையைக் கஷாயம் வைப்பதும் அவள்தான். நரம்புச் சிலந்தி என்றால், வேப்பிலையும் உப்பும் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் காலை வைக்கச் சொல்லி, ஊமத்தை இலையை விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிக் கட்டி, புண் இளகிய பிறகே குச்சியைத் தொடுவாள். அவள் சுற்றிய புழுக்களில் ஒன்றே ஒன்றுதான் அறுந்திருக்கிறது. அது அவள் கையால் அறுந்ததில்லை.

அது போன பங்குனியில் நடந்தது. அரசாங்கம் கீழத்தெருவுக்கென்று ஒரு அடிபம்பு அனுப்பியிருந்தது. ஆவுடைநாயகம் அதைத் தன் மிளகாய்த் தோட்டத்தில் இறக்கிக்கொண்டு, கீழத்தெருவில் போட்டாயிற்று என்று கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். பிறகு ஒரு நாள், சுகாதார ஆபீசர் வருகிறார், வீடு வீடாகப் போய்க் காலைப் பார்க்கப் போகிறார் என்று தகவல் வந்தது. பம்புத் தண்ணீர் குடிக்கிற தெருவில் நரம்புச் சிலந்தி எப்படி வந்தது என்று ஆபீசர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் புழு புறப்பட்டிருந்த பதினொரு பேரைக் காலையிலேயே மாட்டுவண்டிகளில் ஏற்றி, எட்டு மைல் தள்ளிக் கரிமூட்டம் போடுகிற காட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டாவது ஆள் வெள்ளத்தாயின் ஒரே மகள் கனியம்மா. பத்தொன்பது வயது. காலை ஊன்ற முடியாமல் கிடந்ததால் அவளை வண்டியில் ஏற்ற முடியவில்லை. இருபத்திரண்டு நாள் சுற்றியாகி, இன்னும் இரண்டு விரற்கடைதான் உள்ளே இருந்தது. வெள்ளத்தாய் அன்றைக்கு அடுத்த ஊரில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது குச்சி வாசலில் கிடந்தது. மகளின் காலில், முள் குத்தினால் போடுகிற மாதிரி ஒரு துணிக்கட்டு இருந்தது. கனியம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிப் பேச்சு நின்றிருந்தது. ஒன்பது நாள் அவள் வாயில் தண்ணீர் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை, பத்தாம் நாள் அந்தச் சொல்லும் வரவில்லை. ஆபீசர் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிரசிடெண்ட் தனியாக அந்த வீட்டுக்குள் போனதையும், வேட்டி நுனியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்ததையும் தெருவே பார்த்திருந்தது. தெருவுக்கு வேலை அவர் தோட்டத்தில்தான் என்பதால் யாரும் வாய்திறக்கவில்லை. வெள்ளத்தாயும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்து, மறுநாள் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று போனாள். அவள் முகத்தைப் பார்த்த அந்தக் கர்ப்பிணி பயந்துபோய், வலி எடுத்தும் சத்தம் போடாமல் பெற்றாளாம்.

இப்போது ஒரு வருஷம் கழித்து, ஆயுளில் ஒரு தடவைகூடப் படிக்கிணற்றில் கால் வைக்காத, தோட்டத்துப் பம்புத் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காத ஆவுடைநாயகத்தின் காலில், கனியம்மாவுக்கு வந்த அதே இடத்தில், புழு வந்திருந்தது. கார் வைத்து அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்ஸ் தொட்டதும் புழு உள்ளே போய்விட்டது. கையை எடுத்ததும் மறுபடி வந்தது. நான்கு நாள் இப்படியே போனபின் டாக்டர், இதைச் சுற்றத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்களே என்று சொல்லி அனுப்பிவிட்டார். சண்முகவடிவு காலில் செருப்பில்லாமல் கீழத்தெருவுக்கு நடந்தாள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் வருவது அதுதான் முதல்.

"வெள்ளத்தாயி, ஒங்கிட்ட கேக்க எனக்கு நாக்கு கூசுது. ஆனா வேற கை இல்ல."

"வாரேன்மா, நீங்க முன்னால போங்க," என்றாள் வெள்ளத்தாய்.

தெரு அதிசயப்பட்டது புழுவைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். போய் ஒரே இழுப்பில் அறுத்துவிடப் போகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டே விட்டாள். வெள்ளத்தாய் ஊமத்தை இலைகளைக் காம்பு கிள்ளி அடுக்கிக்கொண்டே, அறுத்தால் ஒன்பது நாளில் முடிந்துபோகும், ஒன்பது நாள் எனக்குக் காணாது என்றாள்.

பிரசிடெண்ட் வீட்டு முன்கூடத்தில் அவருக்குச் சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளத்தாய் காலைக் கழுவி, இலையைக் கட்டி, அவிழ்த்து, விரலை நீட்டினாள். புழு தானாக வந்து அவள் விரலில் ஏறியது. குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போதே, பக்கத்தில் இருக்கிறவரிடம் ஊர்ச் சேதி சொல்கிற குரலில், கனியம்மா பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கொடி சுற்றிப் பிறந்தாள், முதுகில் தட்டிய பிறகே அழுதாள் என்று ஆரம்பித்தாள். இதையெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்லுதே என்று அவர் கேட்டார். பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாது மொதலாளி என்றாள். ஆனால் வலி தெரிந்தது. நெஞ்சுவரைக்கும் ஒரு கம்பியை உருவுகிற மாதிரி தெரிந்தது.

அப்படி அவள் தினமும் காலையில் வந்தாள். வந்து, சுற்றி, மகளின் நாட்களை ஒன்றுவிடாமல் சொன்னாள்: குப்புற விழுந்த நாள், பல் முளைத்த நாள், அம்மை போட்ட பதினொரு நாள், ஒன்றுமே நடக்காமல் வெயிலடித்து முடிந்த நாள். இருபது நாளில் முடிய வேண்டிய புழு முடியவில்லை. நாற்பதாம் நாள் வேப்பங்குச்சி நிறைந்துவிட்டது. பூவரசங்கம்பு கொண்டுவந்தார்கள், அதுவும் நிறைந்தது. மூக்கையா ஆசாரி, வற்றிப்போன கிணற்றில் சும்மா கிடந்த, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை உருளையைக் கழற்றி வந்து, இரண்டு கால் நட்டு, கைப்பிடி வைத்து, கூடத்தில் நிறுத்திக் கொடுத்தார். அதன்பிறகு நாளுக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று வந்தது. காயவுமில்லை, நாறவுமில்லை; ஈரமும் வெள்ளையுமாக உருளையில் அடுக்கடுக்காக ஏறியது. ஊரில் பேசிக் கணக்குப் பார்த்ததில், மாதம் ஒன்றுக்குக் கனியம்மாவின் வயது ஒன்று வந்துகொண்டிருந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் பிறகு கூடத்தில் உட்கார்ந்தார்கள், பிறகு உட்காருவதற்குச் சாக்கு கொண்டுவந்தார்கள். கீழத்தெருப் பெண்கள் காட்டுக்குப் போகிற வழியில் அந்த வீட்டுக்குள் ஏறி, பிரசிடெண்டுக்கு முன்னாலேயே கால் நீட்டி உட்கார்ந்து, கம்மங்கஞ்சி குடித்தபடி கேட்டார்கள். வெள்ளத்தாய் எதையாவது மாற்றிச் சொன்னால், இல்லை, அது வெட்டுக்கிளி வந்த வருஷம், அப்போது அவளுக்குக் காது குத்தவில்லை என்று திருத்தினார்கள். கனியம்மாவுக்கு நாலு வயது நடக்கும்போது எள் விதைத்தோம், ஆறு வயதில் அறுத்தோம் என்று பேசுவது வழக்கமானது. பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தை உருளை வீடு என்று கூவினார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாளா, காய்ச்சல் நாளா என்று விசாரித்துக்கொண்டு குறித்தார்கள்.

ஆவுடைநாயகத்தால் நாற்காலியை விட்டு ஐந்தடிக்கு மேல் போக முடியவில்லை, அவ்வளவுதான் புழு விட்டுக்கொடுத்தது. நடுவில் தேர்தல் வந்தது. ஒரு புழுவுக்குக் கட்டுப்பட்ட ஆளை எதிர்த்து நிற்பது மரியாதையாக இருக்காது என்று யாரும் நிற்கவில்லை, அவரே பிரசிடெண்டாக இருந்தார். வெள்ளத்தாய்க்கு மனசு சரியில்லாத நாட்களில், மகள் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய நாள், முதல் தாவணி போட்ட நாள் போன்ற நாட்களில், அவள் இலை கட்டாமல் வறண்ட புண்ணிலேயே சுற்றினாள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்து நகத்தால் கீறுவார். கொஞ்சம் பொறுங்க மொதலாளி, இன்னைக்கு எம்மக ஆடினதைச் சொல்லி முடிச்சிருதேன் என்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள்.

கனியம்மாவின் எட்டாவது வயது வந்தபோது, முதல் தடவையாகச் சின்னக் குடம் எடுத்துக்கொண்டு அவள் படிக்கிணற்றுக்குள் இறங்கியதை வெள்ளத்தாய் சொன்னாள். எந்தப் படியில் பாசி, எந்தப் படியில் வழுக்கி உட்கார்ந்தாள், எழுந்து எப்படிச் சிரித்தாள், அங்கேயே குனிந்து இரண்டு கையாலும் எவ்வளவு தண்ணீர் அள்ளிக் குடித்தாள் என்று சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆளைவிட்டுத் தோட்டத்து அடிபம்பைப் பிடுங்கிக் கீழத்தெருவில் போடச் சொன்னார். வாரத்துக்குள் படிக்கிணற்றை மண்ணடித்து மூடவும் சொன்னார். தெருவே பம்புக்குப் பொட்டு வைத்து மாலை போட்டது.

அன்றிலிருந்து தெரு வெள்ளத்தாயிடம் வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது. மெதுவாகச் சுற்று, அவர் எழுந்து நடந்தால் பம்பு திரும்பவும் தோட்டத்துக்குப் போய்விடும் என்றார்கள். நாற்காலியில் இருக்கும்வரை ரோடும் போடுவார், பட்டாவும் தருவார் என்றார்கள். அவள் பம்படியில் குடத்தை வைத்துவிட்டு, பம்புக்காக நான் சுத்தலை, நீங்க பார்த்ததை வாய்திறந்து சொல்லியிருந்தா பம்பு அப்பவே வந்திருக்கும் என்றாள். பிறகு அவளிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சண்முகவடிவுக்குப் பிள்ளையில்லை. முதல் மாதங்களில் அவள் புருஷனின் தலைமாட்டில் நின்று விசிறினாள். பிறகு உருளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கனியம்மாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அன்றைய நாள் முடிந்து வெள்ளத்தாய் எழுந்ததும், நாளைக்கு என்ன செய்வாள் என்று கேட்டாள். பதினாறில் ஒருவன் பெண் கேட்டு வந்து ஜாதகம் பொருந்தாமல் போனபோது, சமையலறைக்குள் போய் அழுதாள்.

பதினெட்டு முடிந்ததும் ஆவுடைநாயகத்துக்குப் பயம் வந்தது. எந்த நாள் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். சுற்றாதே என்றார், நிறுத்தினால் வலி கூடியது. சீக்கிரம் சுற்று என்றார். அவள் வழக்கமான வேகத்தில் சுற்றினாள். கனியம்மாவின் காலில் கொப்புளம் வந்த நாள் வந்தது, குச்சி கட்டிய நாள் வந்தது, ஒன்று, இரண்டு என்று இருபத்திரண்டு நாளும் வந்தன. கடைசியில் ஒரு காலை, புண்ணுக்குள் புழுவின் வால் மெலிந்து தெரிந்தது. இன்னும் இரண்டு விரற்கடை. கூடத்தில் இடமில்லாமல் வாசல்வரை ஜனம் நின்றது.

வெள்ளத்தாய் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் பிரசவத்துக்குப் போயிருந்தேன். எம்மக நாள்ல எங்கிட்ட இல்லாதது அந்த ஒரு நாள்தான். அது உங்ககிட்ட இருக்கு, மொதலாளி. சொல்லுங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பத்தொன்பது மாதமாகத் தன் வீட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்த அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரற்கடை தானாகவே வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் போனப்பவே அறுந்து கெடந்துச்சு. பொறுக்கமாட்டாம அந்தப் பிள்ளைதான் இழுத்துப்புட்டா."

உருளை ஒரு அரைச் சுற்றுப் பின்னால் போனது. நின்றது. பிறகு ஒரு முழுச் சுற்றுப் போனது. அவருடைய கணுக்காலில் புழு உள்ளே நழுவிக்கொண்டிருந்தது.

மூக்கையா ஆசாரி ஓடிப்போய் ஆப்பு வைத்தார், ஆப்பு தெறித்தது. நான்கு பேர் கைப்பிடியைப் பிடித்தார்கள், நான்கு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது சுற்றியது. வெள்ளத்தாய் கைவைத்தால் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மடியில் இருந்த கையை எடுக்கவில்லை. அத்தனை நாளாகக் கேட்டவர்களுக்கு, உருளையில் மிச்சமிருப்பதைப் பார்த்தே என்ன வயது உள்ளே போகிறது என்று சொல்ல முடிந்தது. பதினெட்டு போயிற்று, பெண் கேட்டு வந்த பதினாறு போயிற்று, தாவணி போயிற்று. அவர் கால் தொடைவரை கல்லாக இறுகியது. பன்னிரண்டு போகும்போது அவர் நாற்காலியிலிருந்து தரையில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நான்தான் இழுத்தேன். எங்கம்மா வந்திரட்டும் ஐயா, ரெண்டு விரக்கடைதான் இருக்குன்னா. வாயைப் பொத்திக்கிட்டு இழுத்தேன். முள்ளுன்னு சொல்லுன்னேன். ஆபீசர் கேட்டப்போ முள்ளுன்னுதான் சொன்னா."

"பெறகு?" என்றாள் வெள்ளத்தாய்.

"தண்ணி கேட்டா. குடுக்க நேரமில்லன்னு வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். அந்த நாளை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பவள் மாதிரி அவள் உதடு அசைந்தது. உருளை நிற்காமல் சுற்றியது. ஏழு போயிற்று, ஆறு போயிற்று. சண்முகவடிவு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைத்தான் சொல்லிவிட்டாரே, இனியாவது கை வை என்று கெஞ்சினாள். வெள்ளத்தாய் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"இதுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும்மா. செய்யமாட்டேன்."

மிச்சமிருந்த ஊமத்தை இலைகளையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் துணியில் முடிந்துகொண்டு, விலகி வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே இறங்கி வீட்டுக்குப் போனாள். போகும்போது கைகளை வீசி, முதுகு நிமிர்ந்து, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் போல நடந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உச்சிவேளைக்குள் பத்தொன்பது வருஷமும் உள்ளே போய்விட்டது. வெறும் உருளை கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. கணுக்காலில் புண் இருந்த இடம் தழும்பில்லாமல் மூடிக்கொண்டது.

அதன்பிறகு கீழத்தெருவில் யாருக்கும் நரம்புச் சிலந்தி வரவில்லை. பம்புத் தண்ணீர் குடித்த தெருவில் அது தானாக ஒழிந்துபோனது. அடுத்த வருஷம் ஆபீசர் மறுபடி வந்து, நோய்க்காரர் உண்டா என்று கேட்டபோது, ஒரே ஒருவர் உண்டு என்று கூட்டிக்கொண்டுபோய் வீட்டைக் காட்டினார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் ஆவுடைநாயகத்தின் உடம்பில் எங்காவது, முழங்காலில், மணிக்கட்டில், தோளில், ஒரு கொப்புளம் எழும்பி உடைந்து புழு தலையை நீட்டும். யார் கைக்கும் வராது. ஆடி பிறந்ததும் உள்ளே போய்விடும். வலி எடுக்கும்போதெல்லாம் அவர் வெள்ளத்தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வெள்ளத்தாய் தன் வேலையைப் பார்த்தாள். பிரசவங்களுக்குப் போனாள், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாள், கூப்பிட்ட எல்லா வீட்டுக்கும் போனாள், அந்த ஒரு வீட்டைத் தவிர.

பங்குனி முதல் தேதி சண்முகவடிவு கீழத்தெருவுக்கு வருவாள். இந்த வருஷமாவது வா என்று கேட்பாள். வெள்ளத்தாய் அவளுக்குப் பாய் விரித்து, மோர் கொடுத்து, மாட்டேன்மா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவாள். மூன்று பங்குனி இப்படிப் போனது. நான்காம் பங்குனியில் வந்தவள் மோரைக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டாள்.

"வெள்ளத்தாயி, ஒம்பது வயசுல ஆட்டுக்குட்டிக்குப் பேன் பாக்கேன்னு சீப்பைத் தொலைச்சாளே. அதைச் சொல்லேன், கேப்போம்."

வெள்ளத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாயின் ஓரத்தில் தானும் உட்கார்ந்து, அது ஒரு சித்திரை மாசம்மா, குட்டிக்குச் செவலைன்னு பேரு வச்சிருந்தா என்று தொடங்கினாள். சீப்பு கிடைத்த இடத்துக்கு வந்தபோது சண்முகவடிவு சிரித்துவிட்டாள். தெருவைத் தாண்டிப் பிரசிடெண்ட் வீட்டிலிருந்து அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முதலில் வெள்ளத்தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டது, அப்புறம் சண்முகவடிவின் பெயரையும் சொல்லிக் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.